எத்தனை ட்ரிப், அத்தனை நட்சத்திரம்

அடுப்பின் பர்னர்களைக் கழற்றி, தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திக் குத்தித் துலக்கிக்கொண்டிருந்தாள் கட்டக்காரம்மா. வியாழக்கிழமை காலையில் அடுப்பு துலக்குவது அவள் வேலை. அவள் முந்தின நாள் தயாரித்த சுடோகுவை எதிரே சமையலறை மேஜையில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது அவள் கணவரின் வேலை. இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கும். சில வாரம் அடுப்பு முதலில் முடியும், சில வாரம் அவர்.

அவர் இருபத்தெட்டு வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவுக்கு இன்னும் டிரைவர்தான், சுடோகுக் கட்டம் போடுகிற அவள் கட்டக்காரம்மா. சுடோகுவையும் அவர் பஸ் ஓட்டுகிற மாதிரியே போடுவார். ஒன்றாம் எண்ணில் கிளம்புவார். ஒன்பது பெட்டியிலும் நின்று, ஒன்று எங்கே உட்காரும் என்று பார்ப்பார். இடம் கிடைத்தால் ஏற்றிக்கொள்வார், இல்லாவிட்டால் அடுத்த பெட்டி. பிறகு இரண்டு, பிறகு மூன்று. எந்த ஸ்டாப்பையும் விடமாட்டார், எதிலும் அதிக நேரம் நிற்கவும் மாட்டார். ஒன்பதாம் எண் முடிந்ததும் பென்சிலின் பின்பக்கத்தால் மேஜையில் இரண்டு தட்டு.

டொக், டொக்.

அது ஒரு ட்ரிப். மீதிக் கட்டம் இருந்தால் திரும்பவும் ஒன்றிலிருந்து கிளம்புவார்.

அவள் பிரஷ்ஷை நிறுத்தாமல் மனதுக்குள் ஒன்று என்று எண்ணினாள். மூன்றாவது பர்னரில் இருக்கும்போது மறுபடி டொக், டொக். அதோடு நாற்காலி பின்னால் நகர்கிற சத்தமும் கேட்டது.

"என்ன, அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"முடியாம? தப்பு ஒண்ணும் இல்ல. அனுப்பிடு."

"நல்லா பாத்தீங்களா?"

"கண்ணாடி போட்டுத்தான் பாத்தேன். உன் அடுப்பைப் பாரு, அந்த ஓரத்துல கரி அப்படியே இருக்கு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தாளின் மூலையில் இரண்டு நட்சத்திரம் போட்டாள். நான்கு வரும் என்று நினைத்துத்தான் அவள் அந்தப் புதிரைச் செய்திருந்தாள்.

அவள் ஒரு தினசரியில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்தவள். பதினொரு வருடம் முன்பு, புதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு மதியம் குடையை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவேயில்லை. "நீங்கதான் தப்புக் கண்டுபிடிக்கறதுல கெட்டிக்காரி, ஒரு வாரம் பாத்துக்குங்க" என்றார்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. அவள் பெயர் பத்திரிகையில் எங்கும் வராது. புதிருக்கு மேலே வருகிற நட்சத்திரங்கள் மட்டும்தான் அவளுடையவை. ஒன்று என்றால் சுலபம், ஐந்து என்றால் கடினம்.

சுடோகு தயாரிப்பது அழிக்கிற வேலை. ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தில், குறுக்கே, நெடுக்கே, ஒவ்வொரு சின்னப் பெட்டிக்குள்ளே என்று எங்கே பார்த்தாலும் ஒன்று முதல் ஒன்பது வரை ஒரே ஒரு தடவை வருகிற மாதிரி முதலில் நிரப்பிவிடுவாள். பிறகு ரப்பரை எடுத்து ஒவ்வொன்றாக அழிப்பாள். விடை ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டாவது விடைக்கு இடம் விடக்கூடாது. அதுவரை அழிக்கலாம். இதில் அவளுக்கு அலுப்பே வந்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான், ஒரு சாமானைத் தூக்கிப் போடுவதென்றால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

முதல் சில வாரம், நிறைய அழித்தால் நிறையக் கஷ்டம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். இருபத்துநான்கே எண்களை விட்டுவைத்து ஐந்து நட்சத்திரம் போட்ட ஒரு புதிரை, ஆபீஸ் லிஃப்ட்காரர் ஏறி இறங்குகிற நேரத்திலேயே முடித்துவிட்டு, "நாளைக்குக் கொஞ்சம் கனமா குடுங்கம்மா" என்றார். முப்பத்துமூன்று எண்களைத் தாராளமாக விட்டு ஒரு நட்சத்திரம் போட்ட இன்னொன்றால் பக்கப் பொறுப்பாளர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டார். அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தாள். எத்தனை எண் கொடுத்திருக்கிறோம் என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. எந்த நேரத்திலும் எத்தனை கதவு திறந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பத்து இடத்தில் அடுத்த எண்ணை எழுத முடிந்தால், கண்ணை மூடிக்கொண்டு போனாலும் ஏதாவது ஒரு கதவில் முட்டிவிடலாம். ஒரே ஒரு இடம்தான் என்றால், அது எவ்வளவு சின்னக் காரியமானாலும், அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

ஆனால் எத்தனை கதவு திறந்திருக்கிறது என்று அவளால் சொல்ல முடியாது. எங்கே எதை அழித்தோம் என்று அவளுக்குத் தெரியும். சாவியை ஒளித்து வைத்தவளே தேடினால் எத்தனை நிமிடம் ஆகும்? வேறு ஒரு ஆள் தேவைப்பட்டது. அவசரப்படாத, சாமர்த்தியம் காட்டாத, தினமும் ஒரே மாதிரி தேடுகிற ஆள். அப்படி ஒருவர் வீட்டிலேயே, அதுவும் ஓய்வூதியத்தோடு இருந்தார்.

"தப்பு இருக்கான்னு பாத்துக் குடுங்க" என்றுதான் அவரிடம் சொன்னாள். ட்ரிப்பை எண்ணி நட்சத்திரம் போடுகிறாள் என்று சொல்லவில்லை. சொன்னால் ஒழுங்காக ஓட்டமாட்டார் என்று பயம். எத்தனை ட்ரிப்போ அத்தனை நட்சத்திரம், ஐந்துக்கு மேல் போனால் அதுவும் ஐந்துதான். பதினொரு வருடமாக வாசகர்களிடமிருந்து ஒரு முணுமுணுப்பு இல்லை.

இந்த மூன்று மாதமாகத்தான் கடிதங்கள் வந்தன.

"ஒரு நட்சத்திரம் என்று நம்பிக் காலைக் காபியோடு உட்கார்ந்தேன். மதியச் சாப்பாடும் அதே நாற்காலியில்தான்" என்று ஒருவர். "மருமகன் எதிரில், இரண்டு நட்சத்திரம்தானே மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். இனி நான் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதையும் பத்திரிகையே சொல்லட்டும்" என்று இன்னொருவர். அன்று அவள் ஆபீஸ் போனபோது இருபத்தாறு கடிதங்களையும் பக்கப் பொறுப்பாளர் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர், மரியாதைக்காரர்.

"அக்கா, ஒரு சாஃப்ட்வேர் வந்திருக்கு. புதிரை உள்ள போட்டா ஒரு நொடியில நட்சத்திரம் சொல்லிடும்."

"அதுக்கு சுடோகு போடத் தெரியுமா?"

"தெரியும்கா. ஒரு நொடியிலேயே போட்டுடும்."

"எல்லாத்தையும் ஒரு நொடியில போடறதுக்கு எது கஷ்டம்னு எப்படித் தம்பி தெரியும்?"

அவர் கடிதக் கட்டை மேஜையில் ஒரு தட்டுத் தட்டி ஓரம் சரிசெய்தார். "சரிக்கா. இந்த வாரத்து ஆறு புதிருக்கு நீங்களும் நட்சத்திரம் போடுங்க, அதுவும் போடட்டும். ரெண்டும் ஒத்துப்போகாத இடத்துல உங்களோடதைத்தான் அச்சுல விடறேன். லெட்டர் வரலேன்னா எல்லாம் பழையபடி. வந்துச்சுன்னா நட்சத்திரம் அதுக்கு. நீங்க வானிலைப் பகுதி பாத்துக்குங்க."

வானிலையில் அழிப்பதற்கு ஒன்றுமில்லை. ஓரளவு மேகமூட்டம், ஆங்காங்கே மழை. அவள் வீடு வரும் வழியெல்லாம் யோசித்தாள். புதிரின் கைப்பக்குவம் மாறவில்லை. அப்படியானால் தராசில்தான் ஏதோ.

அன்று மாலை பழைய ஃபைலிலிருந்து போன வருடப் புதிர் ஒன்றை எடுத்தாள். அவர் நான்கு ட்ரிப் ஓட்டியது, அவள் கையெழுத்தில் குறிப்பு இருந்தது. ஒன்று இருந்த இடத்தில் எல்லாம் ஏழு, ஏழு இருந்த இடத்தில் நான்கு என்று ஒன்பது எண்களுக்கும் பெயர் மாற்றினாள். தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிரதி எடுத்தாள். பார்வைக்குப் புத்தம் புதிய புதிர், ஆனால் உள்ளே இருந்த கஷ்டம் இம்மி மாறாது. சட்டையைத் திருப்பிப் போட்டாலும் ஆள் அதே ஆள்தானே.

மறுநாள் காலையில் அதை அவர் முன்னால் வைத்துவிட்டு, துலக்கின அடுப்பையே மறுபடி துலக்கினாள்.

டொக், டொக். டொக், டொக். நாற்காலி நகர்ந்தது.

"அனுப்பிடு."

அவர் பால்கனிப் பக்கம் போனதும் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். சில கட்டங்களின் மூலையில் பென்சில் புள்ளி வைத்து அழித்த தடம் இருந்தது. ரொம்பச் சின்னப் புள்ளி, ஒரு கட்டத்துக்கு இரண்டு, அங்கே வரக்கூடிய எண் இரண்டுதான் என்பதற்கு அடையாளம். அந்தக் குடும்பத்தில் அப்படிப் புள்ளி வைக்கிறவர் ஒருவர்தான்.

நாத்தனார், அதாவது டிரைவரின் அக்கா, இரண்டு தெரு தள்ளி மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். ஐந்து நட்சத்திரச் சுடோகுவைப் பேனாவால் போடுவார். புள்ளி வைப்பது மட்டும் பென்சிலில். தம்பி மனைவியின் புதிரை ஒரு நாளும் பாராட்டியதில்லை, ஒரு நாளும் போடாமல் விட்டதுமில்லை.

"வா," என்றார், தலையணை உறைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே. "மூணு மாசமா எதிர்பாக்கறேன். மெதுவாத்தான் வந்திருக்கே."

"அண்ணி, அவருக்கு நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"ஏன், சொல்லிக் குடுக்கக் கூடாதா? என் தம்பிதானே."

"என்ன சொல்லிக் குடுத்தீங்கன்னுதான் கேக்கறேன்."

"நாற்காலி போடச் சொல்லிக் குடுத்தேன்." நாத்தனார் ஊசியை உறையில் குத்தி நிறுத்தினார். "ஒரு விருந்துன்னு வை. ஒரு வரிசையில அஞ்சு நாற்காலி காலி. அதுல ரெண்டு நாற்காலிக்கு மாமாவையும் சித்தப்பாவையும் தவிர வேற யாருமே ஒத்துவரல. யாரு எதுலன்னு இப்பத் தெரியாது. ஆனா அவங்க ரெண்டு பேரும் மத்த மூணு நாற்காலிப் பக்கம் வரமாட்டாங்கன்னு தெரியும் இல்ல? அங்கேருந்து அவங்க பேரை அடிச்சுடு. அடிச்ச உடனே மூணுல ஏதாவது ஒண்ணுக்கு ஆள் தானா சிக்கும். இவ்வளவுதான். அரை மணி நேரத்துல புடிச்சுக்கிட்டான். அவன் மூளைக்கு என்ன கொறைச்சல்?"

"கொறைச்சல்னு நான் எப்ப சொன்னேன்?"

"சொன்னியே. போன்ல."

"போன்லயா? யார்கிட்ட?"

"'எங்க வீட்டுக்காரரே ஒரே தடவையில முடிச்சுட்டாரு, அப்ப யாரு வேணும்னாலும் போட்டுடலாம், ஒரு ஸ்டார் போட்டுக்குங்க தம்பி.' இப்படித்தானே சொன்னே? அவன் பால்கனியில ஈரப் பனியனோட நின்னுட்டு இருந்தானாம். பனியன் காயற வரைக்கும் அங்கேயே நின்னானாம். மறுநாள் இங்க வந்து, 'அக்கா, எனக்கு எதாவது கனமா சொல்லிக் குடு'ன்னான். நோட்டு, பென்சில் எல்லாம் புதுசா வாங்கிட்டு வந்திருந்தான்." நாத்தனார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "உன் புதிர் ஒண்ணும் மோசமில்ல. போன செவ்வாய்க்கிழமை நல்லாவே இருந்துச்சு."

இந்தப் பாராட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் மூன்று மாடி இறங்கினாள்.

வீட்டில் அவர் ஹாலில் உட்கார்ந்து மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையத்தை மாற்றிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா வீட்டுக்கா?"

"ஆமா."

"உக்காரு. இந்த வளையம் நம்ம ஜாருக்கு சேராது போலருக்கு, கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"ஏங்க, யாரு வேணும்னாலும் போடலாம்னு நான் சொன்னது உங்களை இல்ல."

"வேற யாரை? இந்த வீட்டுல எத்தனை வீட்டுக்காரன் இருக்கான்?"

"புதிரைச் சொன்னேன். நீங்க ஒரே மாதிரி தேடுவீங்க. எல்லாரும் அப்படித்தான் தேடுவாங்க. நீங்க எத்தனை ட்ரிப்போ அதுதான் நட்சத்திரம். பதினோரு வருஷமா அப்படித்தான் போடறேன்."

அவர் வளையத்தைக் கீழே வைத்தார். "அப்ப நான் தப்பு பாக்கல?"

"அதையும்தான் பாத்தீங்க."

"எத்தனை தப்பு கண்டுபுடிச்சேன்?"

"ஒண்ணும் இல்ல."

"பதினோரு வருஷத்துல?"

"நான் தப்பு விடமாட்டேனே."

அவர் அதற்குச் சிரித்துவிட்டார். சிரித்ததில் அவருக்கே கொஞ்சம் கோபம் வந்தது. அவள் கடிதக் கட்டு, சாஃப்ட்வேர், வானிலை எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு புதிரும் நாளை மாலைக்குள் போக வேண்டும் என்றும் சொன்னாள். "இந்த நாற்காலியை மறந்துட்டு, பழையபடி ட்ரிப் மட்டும் ஓட்ட முடியுமா உங்களால?"

"நல்லா இருக்கே. குறுக்குத் தெரு தெரிஞ்சவனை சுத்துவழியில போகச் சொல்ற மாதிரி இருக்கு. போனாலும் கண்ணு அந்தத் தெருவைப் பாக்காதா?"

"பாக்கும்தான்."

"நாலு எண்ணை நாலு எண்ணா பாத்த காலம் போயிடுச்சு. இப்பப் பேப்பரைப் பாத்தாலே மாமாவும் சித்தப்பாவும் உக்காந்திருக்காங்க."

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். குறுக்குத் தெருவில் நுழைந்தால் அவர் "நாற்காலி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாற்காலிக்கும் அவள் ஒரு நட்சத்திரம் கூட்டிக்கொள்வாள். மறுநாள் காலை முதல் அவர் மேஜையில், அவள் அடுப்பருகே. துலக்க ஒன்றும் மிச்சமில்லாததால் டப்பாக்களை இறக்கித் துடைத்தாள். டொக், டொக். "நாற்காலி." டொக், டொக். நடுவில் ஒரு தடவை, "இந்தச் சித்தப்பா இருக்காரே, சரியான கல்லுளிமங்கன்" என்று கேட்டது. ஆறாவது புதிர் மட்டும் நீண்டது. ஒரு நாற்காலியும் வரவில்லை, ட்ரிப் மட்டும் நான்கு. காபி ஆறிப்போய் ஆடை கட்டியது.

பக்கப் பொறுப்பாளர் அன்று இரவே தொலைபேசியில் வாசித்தார். ஐந்து புதிரில் இரண்டு பக்கமும் ஒரே நட்சத்திரம். ஆறாவதற்கு சாஃப்ட்வேர் இரண்டு, அவள் நான்கு.

"முப்பத்தொரு எண் இருக்குக்கா. ஒவ்வொரு அடியும் சுலபம்னு சொல்லுது அது."

"அடி சுலபம்தான் தம்பி. ஆனா காலை வைக்க ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு கல்லுதான் இருக்கு. அதைத் தேடணுமே."

"நாலுன்னே போட்டுடறேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் புதிர் வந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஆபீஸ் தபால் பெட்டியை வாட்ச்மேன் திறப்பதற்கு முன்பே அவள் திறந்தாள். வந்தது ஒரே ஒரு கடிதம். "நான்கு நட்சத்திரம் என்று முதலிலேயே எச்சரித்திருந்ததால் தைரியமாகத் தோற்றேன். நன்றி." பக்கப் பொறுப்பாளர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, ரப்பர் பேண்டைக் கழற்றி அவளிடமே கொடுத்தார். "நட்சத்திரம் உங்ககிட்டயே இருக்கட்டும்கா."

அடுத்த வியாழன். அவர் மேஜையில் புதுத் தாளை மடிப்பு நீவிக்கொண்டிருந்தார். காலடியில், காயப்போட வேண்டிய துணி வாளி. அவள் அடுப்புக்கு முன்னால் அந்த வாரத்துத் தாள்களை ஃபைலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறாவது தாளை அடுக்கும்போது ஜன்னல் வெளிச்சம் குறுக்கே விழுந்தது. ஐந்தாவது வரிசையில் ஏதோ கண்ணில் பட்டது. தாளைச் சாய்த்தாள். பக்கத்துப் பக்கத்துக் கட்டம் இரண்டில், அழித்த புள்ளிகள். அந்த அழித்த தடத்தின் மேலேயே அவர் பிறகு எண்ணை எழுதியிருந்தார். அந்த வரிசைக்கு எண் வந்தது நான்காவது ட்ரிப்பில்தான்.

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் புதிர் இரண்டே ட்ரிப்பில் முடிந்திருக்கும். அவள் மூன்று நட்சத்திரம் போட்டிருப்பாள். லெட்டர் வந்திருக்கும்.

"ஏங்க."

"ம்."

"ஞாயித்துக்கிழமை புதிர்ல, அஞ்சாவது வரிசையில மாமாவும் சித்தப்பாவும் உக்காந்திருக்காங்க. நீங்க மொதல்லயே பாத்திருக்கீங்க. பாத்து, புள்ளி வச்சு, அழிச்சுட்டு, சுத்து வழியில போயிருக்கீங்க."

அவர் பென்சில் முனையை ஊதினார்.

"மெஷினைத் தோக்கடிக்கறதுக்கா? இல்ல எனக்காகவா? இல்ல எல்லாரும் அதுல எங்க முட்டிக்கிட்டு நிப்பாங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சுதா? சொல்லுங்க, இனிமே நான் எதை நம்பி நட்சத்திரம் போடறது?"

டிரைவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பென்சிலைக் காதில் செருகினார். குனிந்து துணி வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் கதவு நிலையில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பால்கனிக்குப் போய்விட்டார்.